பெரிய வெள்ளியன்று சொன்ன படம்

பங்குனி மாதம் இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே கால் மணி. மழை விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. வருஷத்தை மட்டும் கேட்காதீர்கள். அணா போய் நயா பைசா வந்து, கடைக்காரர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த காலம். அவ்வளவுதான் எனக்கு நிச்சயம்.

ஏற்காட்டில் ஒரு பழைய விருந்தினர் பங்களா. அதன் கூடத்தில் பதினெட்டு நாற்காலிகள். எதிர்ச் சுவரில் நான்கு ஆணிகளில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. நடு மேஜையில் புரொஜெக்டர், அதன் மேல் என்னுடைய துண்டு. ஈரம் இறங்கிவிடுமோ என்று நான்தான் போர்த்தியிருந்தேன். அதனால் எனக்குத் தலை துவட்டத் துண்டு இல்லை. சளி பிடிக்கப்போகிறது என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

மேகம் ஒரு ஜன்னலில் நுழைந்து, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, எதிர் ஜன்னல் வழியாக வெளியே போனது. கூடவே காப்பிப் பூ வாசம். முந்தின வாரம் பெய்த மழைக்குத் தோட்டங்கள் முழுக்கப் பூத்திருந்தன. மல்லிகையோடு கொஞ்சம் பச்சை இலையைக் கசக்கிச் சேர்த்த மாதிரி ஒரு மணம். அந்த மாதிரி வாசம் எனக்குத் தலைவலி கொடுக்கும். அன்றைக்கு ஏனோ கொடுக்கவில்லை.

மின்சாரம் இல்லை. கீழே எங்கேயோ கம்பி மேல் மரம் விழுந்துவிட்டது என்று சமையற்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் திரைப்பட விழாவின் முதல் நாள் அது.

லீவு பார்த்துக் குறித்த நாள்

விழா என்றதும் தோரணம், மேளம், நட்சத்திரங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சேலத்தில் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு படச் சங்கம் வைத்திருந்தோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதராசில் உள்ள தூதரக நூலகங்களில் இரவல் வாங்கிய குறும்படங்களை ஒரு பள்ளிக்கூட ஹாலில் போடுவோம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. பானை செய்கிற ஒரு கிழவர். பனியில் ஓடுகிற ஒரு ரயில். அந்த மாதிரி.

செயலாளர் வக்கீல் பொன்னுசாமி, திருச்செங்கோட்டுக்காரர். கோர்ட்டில் பேசி மிச்சமிருப்பதையெல்லாம் எங்களிடம் பேசுவார். நான் பொருளாளர். மின்சார இலாகாவில் கணக்கு எழுதுகிறவனை வேறு எதற்குப் போடுவார்கள்?

"மூணு நாளு மலை மேல போயி விழா நடத்தலாமுங்க" என்றார் வக்கீல். "இங்க வெயில்ல உக்காந்து பாத்தா அந்தப் பனி ரயிலுக்கே வேர்க்குதுங்க."

நாள் குறிக்கக் கமிட்டி கூடியது. பஞ்சாங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டோம். கல்யாண முகூர்த்தங்களைத் தள்ளினோம். அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் தள்ளினோம். பிள்ளைகளின் பரீட்சையைத் தள்ளினோம். கடைசியில் யாருக்கும் அதிகம் லீவு செலவாகாத மூன்று நாள் வரிசையாகக் கிடைத்தது. குட்பிரைடே, சனி, ஞாயிறு. சனிக்கிழமைக்கு அரை நாள் எடுத்தால் போதும். ஆறு பேரும் தலையாட்டினோம்.

குட்பிரைடே என்றால் லீவு. அதற்கு மேல் அந்த நாளில் ஏதாவது இருக்கும் என்று எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கமிட்டியின் ஏழாவது ஆள் அன்றைக்கு வரவில்லை. அவர் மேட்டூரில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் லூர்துசாமி.

பதினான்கு நிமிஷம்

லூர்துசாமிக்குச் சேலத்தில் சின்ன ஸ்டுடியோ. முதல் நன்மை என்று கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கிய பிள்ளைகளை மெழுகுவத்தியோடு நிறுத்தி எடுப்பார். இறந்துபோனவர்களை நாற்காலியில் சாய்த்து வைத்து எடுப்பார். இந்த வருமானத்தில் பழைய பதினாறு மில்லிமீட்டர் கேமரா ஒன்றை வாங்கியிருந்தார். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேட்டூர் பஸ் ஏறி, நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிற பரிசல்காரர்களை எடுத்தார். வெட்டி ஒட்டியது போகப் பதினான்கு நிமிஷம் தேறியது. ஒலி கிடையாது.

சொந்தமாகப் படம் எடுத்த ஆள் எங்கள் சங்கத்தில் அவர் ஒருவர்தான். உண்மையில் விழாவே அந்தப் பதினான்கு நிமிஷத்துக்காகத்தான். மதராசிலிருந்து ராகவன் என்று ஒருவர் வருவதாக இருந்தது. டில்லியில் நடக்கப்போகும் ஒரு குறும்பட விழாவுக்குத் தெற்கிலிருந்து படம் பொறுக்கும் வேலை அவருக்கு. வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் தங்குவார். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கியாக வேண்டும்.

லூர்துசாமி தன் மனைவி செசிலிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஈஸ்டருக்குள் அந்தப் படத்துக்கு ஒரு வழி பிறக்காவிட்டால் கேமராவை விற்றுவிடுவது. நாமக்கல்லில் கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

விழா நோட்டீஸைப் பார்த்த அன்றே லூர்துசாமி என் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை வாசற்படியில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஏன் சார், பெரிய வெள்ளியன்னிக்கா போட்டீங்க?"

"லீவுதானே, லூர்து?"

"லீவுதான்." கொஞ்ச நேரம் பெடலைத் திருப்பிக்கொண்டிருந்தார். "தவக்காலம் நாப்பது நாளும் எங்க வீட்டுல சினிமா பாக்கறதில்லை சார். அதுலயும் பெரிய வெள்ளி. கோயில்ல சுரூபத்துக்கெல்லாம் ஊதாத் துணி போத்தியிருக்கும். மணி அடிக்க மாட்டாங்க, மரக்கட்டையைத்தான் தட்டுவாங்க. மணிக்கே வாய் கட்டியிருக்கிற நாளுல நான் படம் போட முடியுமா?"

பங்களாவுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ராகவனுக்குத் தந்தி அடித்துப் பார்த்தோம். வேறு நாள் வர இயலாது என்று பதில் வந்தது.

"ஞாயித்துக்கிழமை போட்டுக்கறேன் சார்" என்றார் லூர்துசாமி.

"ஞாயிற்றுக்கிழமை அவர் இருக்கமாட்டாரே?"

"தெரியும் சார்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நடுவே ஒரு பழைய கதை

கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவுகள் இருபது என்பார்கள். நான் எத்தனை தடவை எண்ணினாலும் இருபத்தொன்று வருகிறது. அந்த வெள்ளிக்கிழமையும் பஸ்ஸில் எண்ணிக்கொண்டு போனேன். மடியில் படப் பெட்டிகள். பக்கத்தில் லூர்துசாமி. காலையிலிருந்து ஒருசந்தி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு வேறு ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

நான் பிறந்தது சேந்தமங்கலம். கொல்லிமலை அடிவாரம். அங்கே வருஷத்தில் ஆறு மாதம் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போடுவார்கள். என் அப்பா என்னை அனுப்பமாட்டார். சினிமா பார்த்தால் கணக்கு வராது என்பது அவர் கட்சி. என் தாய்மாமன் மட்டும் தவறாமல் போவார். மறுநாள் கிணற்றடியில் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே எனக்குப் படத்தைச் சொல்லுவார். குதிரை வந்தால் தொடையில் தாளம். ராணி அழுதால் அவரும் கொஞ்சம் அழுவார். ரீல் மாற்ற விளக்குப் போட்ட இடத்தைக்கூட விடமாட்டார். "இங்க முறுக்கு" என்று சொல்லி நிறுத்துவார்.

அப்படி நான்கு படம் காதால் பார்த்தேன். பிற்பாடு வேலைக்குப் போய், சொந்தக் காசில் அந்த நான்கில் ஒன்றைக் கொட்டகையில் பார்த்தேன். மாமா சொன்ன கோட்டையில் பாதி உயரம்தான் இருந்தது. குதிரை இரண்டே இரண்டு. டிக்கெட் காசு வீண் என்று இன்றுவரை எண்ணம்.

சரி, பங்களாவுக்குத் திரும்புகிறேன்.

துணிக்குப் பக்கத்தில் நின்றவர்

பிற்பகல் வழிபாட்டுக்கு லூர்துசாமி அங்குள்ள கோயிலுக்குப் போயிருந்தார். நாங்கள் நான்கு மணிக்குப் படம் தொடங்க ஏற்பாடு செய்தோம். மூன்றரைக்கு இடி. மூன்றே முக்காலுக்கு மின்சாரம் போயிற்று.

அவர் நனைந்துபோய் உள்ளே வந்ததும் வக்கீல் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க லூர்து, நீங்க படம் போடலீன்னா நாங்களாவது போட்டுட்டுப் போறமுங்க. உங்க சாமி எல்லார்த்து ஃபியூஸையுமில்ல புடுங்கிட்டாரு!"

"நான் ஒண்ணும் வேண்டிக்கலைங்க வக்கீல் சார்."

"வேண்டாமயே இந்த வேகமுங்களா? வேண்டியிருந்தா மேட்டூரு அணையே நின்னிருக்குமுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கரண்டு இலாகாதானுங்களே? போயி ஒரு சத்தம் போட்டு வர வையுங்க."

நான் கணக்குப் பிரிவு என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். லூர்துசாமி சிரிக்கவில்லை.

ராகவன் முன்வரிசையில் கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர். வந்ததிலிருந்து கடிகாரத்தை மூன்று முறை பார்த்திருந்தார். அவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்க படத்துல என்ன இருக்கு மிஸ்டர் லூர்துசாமி? பாக்கத்தான் முடியல. சும்மா சொல்லுங்களேன்."

லூர்துசாமி என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதோ யோசித்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "இன்னிக்குக் கோயில்லயும் இயேசு பட்ட பாடுகளை எழுந்து நின்னு வாசிக்கத்தான் செய்யறாங்க. பாக்கறதில்லைன்னுதான் வச்சிருக்கோம். சொல்றதுக்கு என்ன?" என்றார்.

எழுந்து போய் வெள்ளைத் துணிக்கு ஓரமாக நின்றுகொண்டார். நடுவில் நிற்கவில்லை. படம் ஓடிக்கொண்டிருப்பது போலவும் தான் மறைத்துவிடக் கூடாது என்பது போலவும் நன்றாக ஒதுங்கி நின்றார்.

"மொதல்ல ஒண்ணும் தெரியாதுங்க. தண்ணியும் வானமும் ஒரே நெறம். இந்தத் துணி மாதிரி. அப்புறம் நடுவுல ஒரு புள்ளி. புள்ளி சுத்துது. கிட்ட வருது. பரிசல்."

தொடையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. மரக்கட்டை தட்டின மாதிரி சத்தம்.

"கை. வலையைப் பிரிக்கற கை மட்டும். விரல் நடுவுல செதிள் ஒட்டியிருக்குது."

மறுபடி ஒரு தட்டு. காட்சி மாறும்போதெல்லாம் தட்டினார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். இருபதுக்கு மேல் எண்ண மறந்துபோனேன். என் வாழ்நாளில் எண்ண ஆரம்பித்து விட்டுப்போனது அது ஒன்றுதான்.

அவரை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேகம் அதன் மேல் வந்து நின்று விலகிற்று. வெளிச்சம் குறையக் குறையத் துணி மட்டும் வெளுத்துக்கொண்டு வந்தது. அதில் வலை விழுந்தது. துடுப்பு சொட்டியது. ஒரு பெண் கரையில் மீனைக் கொட்டி, சின்னது பெரியது பிரித்தாள். நான் பார்த்தேன். அவள் புடவையில் கட்டம் போட்டிருந்தது என்றுகூடச் சொல்வேன். லூர்துசாமி புடவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கடைசியாங்க" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "அணை கட்டினப்ப முழுகின ஊருல ஒரு மாதா கோயில் உண்டுங்க. கோடையில தண்ணி எறங்கினா கோபுர உச்சி மட்டும் வெளிய வரும். சிலுவை ஒடைஞ்சு அடிக்கம்பி மட்டும் நிக்குது. மத்தியானம். பரிசல்காரர் அங்க வர்றாரு. கயித்தை எடுத்து அந்தக் கம்பியில மாட்டைக் கட்டற மாதிரி கட்டறாரு. தூக்குச்சட்டியைத் தொறந்து சாப்பிட உக்கார்றாரு. பரிசல் சுத்தலை. நிக்குது. சுத்தி எவ்வளவு தூரம் பாத்தாலும் தண்ணி. அவரு சாப்பிடறாரு. அவ்வளவுதாங்க."

இந்தத் தடவை தொடையைத் தட்டவில்லை.

துணியிலிருந்து யாரும் கண்ணை எடுக்கவில்லை. வக்கீல்கூட. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ராகவன் எழுந்து வந்து லூர்துசாமியின் கையைப் பிடித்தார். "படத்தை மே மாசக் கடைசிக்குள்ள மதராசுக்கு அனுப்புங்க. அந்தக் கயிறு கட்டற காட்சி ஒண்ணுக்காகவே நான் டில்லிக்கு எடுத்துட்டுப் போவேன்."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

காலிக் கேமரா

ஞாயிற்றுக்கிழமை காலை மணிச் சத்தத்தில் விழித்தேன். இரண்டு நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தார்கள். மின்சாரம் வந்திருந்தது. லூர்துசாமி புதுச் சட்டை போட்டு, எல்லோருக்கும் கேக் கொடுத்தார். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வந்து ஜன்னல்களில் நின்றார்கள். அவர்களையும் உள்ளே உட்காரவைத்து, ஜன்னல் கதவுகளைச் சாத்தி, துணியை இறக்கிக் கட்டி, படத்தை ஓட்டினோம்.

நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரும் வானமும் ஒரே நிறம், புள்ளி, பரிசல், கை. அந்தப் பெண்ணின் புடவையில் கட்டம் இல்லை. அது போகட்டும். கடைசியில் பரிசல் ஒன்று தூரத்தில் போகிறது. உடனே வெள்ளை வெளிச்சம். ரீல் சுற்றிக்கொண்டிருந்தது.

கோபுரம் வரவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் லூர்துசாமியைத் தனியாக இழுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"கோபுரம் எங்கே, லூர்து?"

"எடுக்கலை சார்."

"சொன்னீங்களே?"

"பாத்தேன் சார். பாத்ததைச் சொன்னேன். கேமரா கையிலதான் இருந்துச்சு, ஃபிலிம் தீந்துபோச்சு. அந்தாளு சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் காலிக் கேமராவைக் கண்ணுல வச்சுப் பாத்துட்டே இருந்தேன்." "பெரிய வெள்ளியன்னிக்கு நான் பொய் சொல்லலை சார். அன்னிக்கு அது படத்துல இருந்துச்சு."

நானும்தான் அன்றைக்கு அதைப் பார்த்தேன்.

விஷயம் தெரிந்ததும் வக்கீல், "பொய்ச் சாட்சின்னு கேஸ் போட்டா நானே ஜெயிச்சுத் தருவேனுங்க. ஆனா மே மாசத்துக்குள்ள அந்தக் கோபுரத்தைக் கொண்டாந்து நிறுத்தோணுமுங்களே" என்றார்.

செசிலி மே மாதம் வரைக்கும் தவணை கொடுத்தார். ஃபிலிம் ரோலுக்கு லூர்துசாமியிடம் காசில்லை. நான் மதராசுக்கு எழுதி ஒன்று வரவழைத்தேன். நூறு அடி, இரண்டே முக்கால் நிமிஷம் ஓடும். அதை எங்கள் வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல், வெயிலுக்குப் பயந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மணலில் வைத்து, ஈரம் பட்டுவிடுமோ என்று பயந்து மறுபடி எடுத்து, இப்படியே பதினெட்டு நாள் போயிற்று.

கண்ணு எதுக்குங்க

மே மாதம் மூன்றாம் வாரம். மேட்டூரில் வெயில் தண்ணீரின் மேல் வெள்ளித் தகடு விரித்த மாதிரி கிடந்தது. நானும் லூர்துசாமியும் ஒரு பரிசலில். எனக்கு நீச்சல் தெரியாது. அவருடைய இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கேமரா ஆடாமல் இருக்க என்று பெயர். முன்னால் வேறொரு பரிசலில் மாரப்பன். லூர்துசாமி அன்றைக்குப் பார்த்த அதே பரிசல்காரர்.

வெகுதூரம் போன பிறகு மாரப்பன் நிறுத்தினார்.

"எங்கே கோபுரம்?" என்றேன்.

"அடியில இருக்குதுங்க சாமி. போன வருசம் மொழங்கால் ஒசரம் மேல நின்னுச்சு. இந்த வருசம் தண்ணி எறங்கலீங்க."

லூர்துசாமி கேமராவை மடியில் இறக்கிவிட்டார். முகம் செத்துப்போயிற்று. "வெறும் தண்ணி சார்" என்றார். "வித்துர வேண்டியதுதான்."

"அப்ப கட்ட முடியாதா மாரப்பன்?" என்று கேட்டேன்.

"கட்றதுக்குக் கண்ணு எதுக்குங்க சாமி? கை பத்தாதுங்களா?"

பரிசல் விளிம்பில் குப்புறச் சாய்ந்து, தோள்வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டார். கன்னம் தண்ணீரில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு, இருட்டில் கதவுத் தாழ்ப்பாளைத் தேடுகிறவர் மாதிரி துழாவினார். பிறகு கயிற்றை உள்ளே கொண்டுபோய் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

கயிறு விறைத்தது. அதுவரை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த பரிசல் நின்றது.

மாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டு தூக்குச்சட்டியைத் திறந்தார். பழைய சோறு, சுட்ட மீன்.

"லூர்து, ஓட்டுங்க" என்றேன். "பேசாதீங்க. நிமிஷம் பன்னிரண்டு ரூபாய்."

கேமரா கரகரவென்று ஓட ஆரம்பித்தது. கண்ணுக்கு எட்டிய தூரமும் தண்ணீர். நடுவில் ஒரு பரிசல். அதிலிருந்து ஒரு கயிறு நேராகத் தண்ணீருக்குள் இறங்கி மறைகிறது. ஒரு மனிதர் சாப்பிடுகிறார். ரோல் முடிந்து கேமரா ஓய்ந்த பிறகும் லூர்துசாமி அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. நானும் அவர் இடுப்பை விடவில்லை.

படம் டில்லிக்குப் போயிற்று. ஒரு பிற்பகலில் ஒரே ஒரு தடவை போட்டார்கள். பரிசு ஒன்றும் இல்லை. கயிறு எதில் கட்டியிருக்கிறது என்று மூன்று பேர் வந்து கேட்டதாகவும், தான் சொல்லவில்லை என்றும் ராகவன் கார்டு போட்டிருந்தார். செசிலி அந்தக் கார்டை இரண்டு முறை படித்துவிட்டு, நாமக்கல்காரருக்குக் கேமரா விற்பனைக்கு இல்லை என்று தன் கையாலேயே எழுதிப் போட்டார்.

அன்றைக்கு மேட்டூரில் கரை சேர்ந்ததும் மாரப்பன் இரண்டு பரிசலுக்கும் வாடகை வாங்கிக்கொண்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "கோபுரத்துல கட்டுனதுக்குத் தனிங்க சாமி. நாலணா." கொடுத்தேன். ஃபிலிம் ரோல், இருவருக்கும் பஸ் சார்ஜ், இரண்டு பரிசல், கண்ணுக்குத் தெரியாத கோபுரத்தில் போட்ட ஒரு முடிச்சு. ஆகக்கூடி எனக்கு ஆன செலவு நாற்பத்து மூன்று ரூபாய் இருபத்தைந்து நயா பைசா.